முதல் முப்பது மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உன் தங்கையும் சுகம். நீ சுகமாக இல்லை என்பது தெரியும், அதனால் அதைக் கேட்டு உன் வாயைக் கிளறப் போவதில்லை. ஐந்து மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்துவிடும். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டும். அதுவும் கிழிக்க இரண்டு கை வேண்டும், இப்போதைக்கு உன்னால் முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். கோபப்படாதே. இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக லிப்ட் வேலை பார்த்தவர்கள், இவ்வளவுகூடக் கிண்டல் செய்துகொள்ளாவிட்டால் எப்படி.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தோடு தொழிலாளர் நல வாரியத்தின் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். உன் தோள் அறுவைச் சிகிச்சைக்கான பணத்தை அவர்கள் மறுத்தது தப்பு, மறுபடி விசாரியுங்கள் என்று கேட்கும் மனு. அதில் உன் கையெழுத்து வேண்டும். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அது வாரியத்துக்கு வந்து சேர்ந்தால் மறு விசாரணை உண்டு. வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள், பிறகு குட்டிக்கரணம் போட்டாலும் திறக்காது. ஏன், எதற்கு என்று தெரியாமல் நீ ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே பொறுமையாகப் படி. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

உன் தங்கை பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில்தான் இன்னும் இருக்கிறாள். தபால் வழிப் படிப்பில் முதல் வருஷம் தேறிவிட்டாள். நாற்பத்தேழு வயதில் கணக்கு எதற்கு என்று நான் கேட்டதற்கு, பல் வலியோடு வருகிறவர்கள் முகத்தையே எத்தனை வருஷம் பார்ப்பது, எண்கள் முகத்தைச் சுளிக்காது என்றாள். சாப்பாட்டு மேசை முழுக்க அவள் புத்தகங்கள். தட்டு வைக்க இடம் கேட்டு நான்தான் மனுப் போட வேண்டியிருக்கிறது.

உன் இடத்துக்கு ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனுஷன், முன்பு வெல்டிங் பார்த்தவன். எந்தப் பாட்டிலும் முதல் வரிக்கு மேல் தெரியாது, நாள் முழுக்க அதையே பாடுவான். எல்லோரும் பல்லவி என்றே கூப்பிடுகிறோம். இரண்டாவது வரி என்ன என்று மண்டையைக் குடைந்துகொண்டே நான் போல்ட் முடுக்குகிறேன்.

இனி அந்த விசாரணை நாள். நீ ஜன்னல் பக்கம், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதிகாரி உன் தோள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். கயிறு மாற்றும் வேலையில் உங்கள் இருவர் பங்கும் எப்படி என்று கேட்டார். நீ வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் என்று கம்பெனிக்காரர்கள் அவர் காதில் ஓதியிருப்பார்களோ என்று எனக்கு ரத்தம் கொதித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சரிபாதி சார். ஒரு மயிரிழை கூடக்குறைய கிடையாது. கயித்துக்கு நட்டநடுவுல சிவப்புத் துணி கட்டித்தான் இழுப்போம். துணி வர்ற வரைக்கும் அவன், அதுக்கப்புறம் நான். எங்க மச்சான் அவன் பங்குல ஒரு சாண் விட்டதில்ல” என்று முழங்கினேன். உனக்கு மாலை போடுவதாக நினைப்பு எனக்கு. அதிகாரி எழுதிக்கொண்டார். உங்கள் தோளில் ஏதாவது வலி உண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அதே வேலையைச் சரிபாதியாகச் செய்த மற்றவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லாததால், இவருடைய தோள் தசைநார் கிழிந்தது வேலையால் அல்ல என்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அந்த வாரமே நீ மகள் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய். நானும் வீம்பாகத்தான் இருந்தேன். உண்மையைத்தானே சொன்னேன், உண்மையைச் சொன்னதற்கா கோபம் என்று உன் தங்கையிடம் சத்தம் போட்டேன். அவள் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டாள். உன் மகள் போனில், அப்பாவுக்குச் சட்டை மாட்ட நான்தான் கை பிடித்துவிட வேண்டியிருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு மட்டும், உன் தங்கை சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மாலை, அவள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, நீங்கள் இழுக்கிற கயிறு எவ்வளவு நீளம் என்று கேட்டாள். பதினாறு மாடிக் கட்டடத்தில் அறுபது மீட்டர் என்றேன். கனம்? மீட்டருக்கு அரைக் கிலோ. கழற்றிய பழைய கயிற்றைக் கீழே ஏன் விடுவதில்லை என்றாள். கீழே விட்டால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும், எந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது என்று பரிசோதகர் பார்க்க முடியாது, அதனால் மேலே மோட்டார் ரூமுக்கு இழுத்துச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும், அந்த ரூமுக்கு ஏறுகிற ஏணியில் கயிறு இழுக்கிற வின்ச் மெஷினும் ஏறாது என்றேன். சரி, மொத்தக் கயிற்றையும் இழுக்க எவ்வளவு வேலை ஆகும், சொல்லுங்கள் என்றாள். இது ஒரு கணக்கா! தொங்குகிற கயிறு முப்பது கிலோ, தூரம் அறுபது மீட்டர், பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு என்றேன்.

அவள் சிரித்தாள். “கடைசி மீட்டர் வரும்போதும் உங்க கையில முப்பது கிலோவா தொங்குது?” என்றாள். இழுக்க இழுக்கத் தொங்குவது குறைகிறது, விசை இடத்துக்கு இடம் மாறுகிறது, மாறுகிற ஒன்றை ஒரே எண்ணால் பெருக்கக் கூடாது என்றாள். கயிறு வரும் தூரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டுமாம். ஒரு துண்டு தூரத்துக்குள் கனம் அவ்வளவாக மாறாது. அந்தக் கனத்தை அந்தத் துண்டால் பெருக்கி, எல்லாத் துண்டையும் கூட்ட வேண்டும். துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு சரியான விடை. இல்லாத அளவுக்குச் சின்னதாக வெட்டிக் கூட்டுவதற்குத்தான் நுண்கணிதம். அதற்கு ஒரு குறி வைத்திருக்கிறார்கள், இரண்டு முனையும் வளைந்த கொக்கி மாதிரி. கொக்கியைப் போட்டு நாலு வரி எழுதினாள். தொள்ளாயிரம் வந்தது.

எனக்குப் பெரிய சந்தோஷம். “அப்போ உங்கண்ணனுக்கு நானூத்தைம்பது, எனக்கு நானூத்தைம்பது. சரிபாதி!” என்றேன்.

அவள் பேனா நின்றது. என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு புதிதாக ஒரு கொக்கி போட்டு, கீழே பூஜ்யமும் மேலே முப்பதும் எழுதிக் கணக்கை முடித்தாள். பக்கத்தில் இன்னொரு கொக்கி, கீழே முப்பது, மேலே அறுபது. தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். முதல் முப்பது மீட்டருக்கு அறுநூற்று எழுபத்தைந்து. அடுத்த முப்பது மீட்டருக்கு இருநூற்று இருபத்தைந்து. நாலில் மூன்று பங்கு உனக்கு, ஒரு பங்கு எனக்கு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உன் புஸ்தகத்துல இருக்குற கயிறு கிரீஸையும் பார்த்ததில்ல, துருவையும் பார்த்ததில்ல” என்று கத்தினேன். அவள் குழாயை மூடாமலே, “தராசு வச்சுப் பாருங்களேன், யாரு வேண்டாம்னா” என்றாள். உன் தங்கை சண்டை போட்டால்கூடத் தாங்கலாம் மச்சான், இப்படி அமைதியாகச் சொன்னால்தான் பயமாக இருக்கும்.

அடுத்த வாரம் பதினாறு மாடி வடக்குக் கட்டடத்தில் கயிறு மாற்றும் வேலை வந்தது. ஸ்டோர் பொறுப்பாளர், நம்ம சாவிக்கொத்திடம் கையெழுத்துப் போட்டு, பழைய இரும்பு நிறுக்கிற தொங்கு தராசை வாங்கிக்கொண்டு போனேன். துணியை வழக்கம்போல நடுவில் கட்டினேன். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் கயிற்றைக் கிளிப் போட்டு நிறுத்தி, தராசில் மாட்டி, முள் காட்டியதைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். முதல் தடவை முப்பது. அப்புறம் இருபத்தெட்டரை, இருபத்தேழு. நான் என்ன செய்கிறேன் என்று புரியாமல் பல்லவி பாடுவதையே நிறுத்திவிட்டான். கடைசி மூன்று மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. அதை ஒரு விரலில் இழுக்கலாம்.

இருபது எண்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நானே பெருக்கிக் கூட்டினேன். முதல் பாதிக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றேழரை, இரண்டாம் பாதிக்கு இருநூற்று நாற்பத்தேழரை. பார்த்தாயா, உன் கணக்கு தப்பு என்று குதித்தேன். ஒவ்வொரு துண்டின் ஆரம்பக் கனத்தையே துண்டு முழுக்க வைத்துக்கொண்டீர்கள், அதனால் இரண்டிலும் கொஞ்சம் கூடுகிறது, மூன்று மீட்டருக்குப் பதில் ஒரு சாண் ஒரு சாணாக நிறுத்திப் பாருங்கள், என் எண்ணிடம் வந்து நிற்கும் என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. குதித்தவன் உட்கார்ந்தேன்.

நீ கேட்பாய், கயிறு மேலே வர வர லேசாகும் என்று உனக்குத் தெரியாதா, நீ என்ன மண்ணாந்தையா என்று. தெரியும் மச்சான். கொஞ்சம் லேசு என்று தெரியும். மூன்றுக்கு ஒன்று என்று தெரியாது. பாதி என்ற சொல் என் கண்ணைக் கட்டிவிட்டது. நடுவில் துணி இருக்கிறது, ஆளுக்கு முப்பது மீட்டர், இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும் என்று ஒன்பது வருஷம் இருந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் வெறும் கணக்குப் பிழை. தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சாவிக்கொத்து சும்மா இருக்காமல், “இத உங்க ரெண்டு பேர விட்டா எவனும் கேக்குறதில்லப்பா. அன்னிக்கு உங்க மச்சானும் கயிறு நிறுக்கணும்னுதான் வாங்கிட்டுப் போனாரு” என்றார். எப்போது என்றேன். “எட்டொம்பது வருஷம் இருக்கும். நீ வயித்து வலின்னு லீவுல இருந்தியே, அப்போ” என்றார்.

நான் ஸ்டோரை விட்டு வெளியே வந்து, இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் கயிற்று வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயந்து, வயிற்று வலி என்று லீவு எழுதியது நீதான். டாக்டர் சொன்னபோது அறையில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. இனி ஆயுசுக்கும் பதினைந்து கிலோவுக்கு மேல் தூக்கவோ இழுக்கவோ கூடாது என்றார். நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நீ பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தாய். அதுவரை நமக்குள் பங்கு ஏது, கை சலித்தவன் விடுவான், மற்றவன் பிடிப்பான். அன்றைக்கு நீ, “இனிமே பாதிக்குப் பாதி. ஆரம்பம் என்னுது. துணி வந்தப்புறம் நீ தொட்டாப் போதும்” என்றாய். அன்று இரவு உன் தங்கையிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்கண்ணன் மாறிவிட்டான், என்னிடமே பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னேன்.

வடக்குக் கட்டடத்தில் துணி மோட்டார் ரூம் விளிம்புக்கு வந்தபோது தராசு முள் எதில் நின்றது என்று சுவரில் எழுதியிருக்கிறேன். பதினைந்து. துல்லியமாகப் பதினைந்து.

அந்தப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஏறி இறங்குகிறவர்கள் லிப்ட் வேலை செய்யவில்லை, ஆள் களைத்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். விசாரணையில் நான் சரிபாதி என்று முழங்கியபோது நீ என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் சொன்னதில் உனக்குத் திருப்தி என்று நினைத்தேன். நீ வாயைத் திறந்து ஏன் ஆரம்பம் உன்னுடையது என்று சொல்லியிருந்தால், உன் தோளுக்கு வழி பிறந்திருக்கும், என் வேலை போயிருக்கும். நீ உன் தோளை விட்டுக் கொடுத்தாய்.

இந்த ஐந்து மாதமாக என் மேல் உனக்குக் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், கோபமும் இல்லை. போனை எடுத்தால் நான் நச்சரிப்பேன், ஏதாவது வாய் தவறி வந்துவிடும் என்று பயந்துதான் எடுக்காமல் இருக்கிறாய். கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாப்பிடக் கூப்பிடுகிறாள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

திங்கள், மதிய இடைவேளை

மச்சான், நேற்று எழுத விட்டுப்போனது இது. போன வியாழக்கிழமை உன் தங்கையும் நானும் வாரியத்துக்குப் போனோம். அதே அதிகாரிதான். என் பழைய சாட்சி தப்பு, திருத்த வந்திருக்கிறேன் என்றேன். பொய் சொன்னீர்களா என்று கேட்டார். பொய் இல்லை, பெருக்கலில் தப்பு என்றேன். உன் தங்கை தாளை விரித்து, கொக்கியிலிருந்து ஆரம்பித்துப் பாடம் நடத்தினாள். அந்த மனுஷனும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானாம், மறந்துவிட்டதாம், இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். பிறகு என் இருபது எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவருக்கு மூன்று மடங்கு வேலை என்றால் அது ஏன் ஒன்பது வருஷமும் இவருக்கே விழுந்தது, மாற்றி மாற்றிச் செய்திருக்கலாமே என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். டாக்டர் சீட்டையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்று காலை கம்பெனியில் கூப்பிட்டார்கள். மறைத்தது தப்பு என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். கயிற்று வேலை இனி எனக்கு இல்லை. மருத்துவப் பரிசோதனை முடியும் வரை ஸ்டோரில் சாவிக்கொத்துக்குப் பக்கத்து நாற்காலி, அதற்குப் பிறகு என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போல்ட்டுகளை அளவு பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். உனக்குக் கவலையாக இருக்கும், வேண்டாம். உன் தங்கையிடம் போனில் சொன்னேன். ஐந்து மாதத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் எனக்குச் சோறு ருசிக்கப் போகிறது என்றாள். அவள் சம்பளம் இருக்கிறது, என் வாய் இருக்கிறது, பிழைத்துக்கொள்வோம்.

உன்னை எனக்குத் தெரியும் மச்சான். இந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் கையெழுத்துப் போட்டால் அவன் மாட்டிக்கொள்வானே என்று யோசிப்பாய். ஏதோ ஒரு மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, முப்பதாம் தேதி போகட்டும் என்று இருப்பாய். அப்படிச் செய்யாதே. நான் மாட்டிக்கொண்டாயிற்று. நீ காப்பாற்ற இனி என்னிடம் எந்த ரகசியமும் மிச்சம் இல்லை. என்னை மன்னி என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்டால் நீ, “போடா, என்னத்த மன்னிக்கிறது” என்பாய், அதைத் தாங்க என்னால் முடியாது. கையெழுத்து மட்டும் கேட்கிறேன்.

உன் மகளையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். நீ நன்றாக இரு, நூறு வயது இரு, சட்டையை நீயே மாட்டிக்கொண்டு இரு. மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அந்த இடத்தில் போட வேண்டும். தபால் தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. வலது கை வராவிட்டால் இடது கையால் போடு. செல்லுமா என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டேன், செல்லுமாம்.

உன் பதிலுக்குக் கூட அல்ல, உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
உன் தங்கை புருஷன்